பால்பவுடர் டப்பாவின் மூடி

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். கையெழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. மடியில் குட்டி தூங்குகிறாள், நகர்ந்தால் விழித்துவிடுவாள். போனில் பேசலாம் என்றால் அவள் அதைப் பிடுங்கி வாயில் வைக்கிறாள். நீயோ நான் மூன்று வாக்கியம் பேசி முடிப்பதற்குள் "சரி, வை, ஷிப்டுக்கு நேரமாச்சு" என்கிறாய். கடிதத்தில் உன்னால் வைக்க முடியாது பார்.

சமுதாயக் கல்லூரியில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. "வரலாறு படிச்சவ பாட்டில் கழுவப் போறியா?" என்று சிரித்தாயே. கழுவவில்லை அக்கா, கழுவுகிற இயந்திரத்தை ஓட்டுகிறேன். ஊருக்கு வெளியே பழச்சாறு ஆலை வந்திருக்கிறது. எங்கள் வகுப்பில் பதினாறு பேர். ஆலை வைக்கும் தேர்வில் தேறினால் வேலை. வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவர மாட்டோம் என்று கல்லூரியோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். வகுப்பு நடக்கும் இடம் உனக்கு நன்றாகத் தெரியும். நீ அட்டைப்பெட்டி மடித்த அதே கிடங்குதான்.

ஆலைக்காரர்கள் கழித்துப்போட்ட பழைய இயந்திர வரிசை ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். பாட்டிலைக் கழுவி, நிரப்பி, மூடி போடும். நாங்கள் அதற்குப் 'பெரியம்மா' என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒருமுறை நிறுத்திவிட்டால் காற்றழுத்தம் ஏறி மறுபடி ஓட நாற்பது நிமிடம். "பெரியம்மாவைக் கோபப்படுத்தாதீங்க" என்பார் வாத்தியார். யாராவது முழங்கையால், வரிசையை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை இடித்துவிட்டால் வகுப்பே போச்சு. போன மாதம் ஒரே வாரத்தில் மூன்று முறை இடித்துவிட்டார்கள். நான் குட்டியின் பால்பவுடர் டப்பா மூடியைக் கொண்டுபோய்ப் பொத்தான்மேல் கவிழ்த்து டேப் ஒட்டினேன். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது! "படிச்ச பொண்ணுன்னா இப்படி யோசிக்கணும்" என்று எல்லோர் முன்னாலும் வாத்தியார் சொன்னார். நீயும் கொஞ்சம் மெச்சிக்கொள்.

குட்டி பக்கத்து அறையில்தான். அங்கே குழந்தை பராமரிப்பு வகுப்பு நடக்கிறது. எட்டு மாணவிகள், மூன்று குழந்தைகள். நம் குட்டி அவர்களுக்குப் பாடப்புத்தகம், அவளுக்கு அவர்கள் எட்டுச் சித்திகள். தினமும் நோட்டில் எழுதித் தருகிறார்கள். நேற்றைய குறிப்பு: "10.40 – காரணமில்லாமல் அழுதாள். 10.45 – காரணமில்லாமல் சிரித்தாள்." நான் இடைவேளைதோறும் எட்டிப்பார்க்கிறேன் என்று கதவில் அட்டை மாட்டிவிட்டார்கள்: "தாய்மார்கள் எட்டிப்பார்க்க வேண்டாம். முக்கியமாக ஒருவர்."

தேர்வு வெள்ளிக்கிழமை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது முடிந்திருக்கும். இவர் டிராக்டர் உதிரிபாகக் கடையை மூடியதிலிருந்து வீட்டில் அதிகம் பேசுவதில்லை. "ஏப்ரல் முடியறதுக்குள்ள உனக்கு வேலை அமையலைன்னா உங்கக்கா ஊருக்கே போயிடலாம்" என்று ஒரு தடவை சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

உன்,
பயந்தாங்கொள்ளி


மார்ச் 9

அடி பயந்தாங்கொள்ளி,

கடிதம் வந்தது. டீ இடைவேளையில் படித்து, மிச்சத்தை அறைக்கு வந்து படித்தேன். உன் கையெழுத்து எப்போதும் கோணல்தான், குட்டிமேல் பழி போடாதே.

அந்தக் கிடங்கா? வடமேற்கு மூலையில் கூரை ஒழுகுமே. தூணிலிருந்து இரண்டடி தள்ளி வாளி வைத்தால்தான் சரியாக விழும். அங்கே மூன்று வருடம் பெட்டி மடித்தேன். பூட்டிய அன்று "இந்த ஊர்ல இனி ஒண்ணும் முளைக்காது" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன், ஒன்பது வருடம் ஆகிறது. இப்போது பழச்சாறு வருகிறது என்கிறாய். வரட்டும்.

என் தெருவிலேயே உங்களுக்கு ஓர் அறை பார்த்துவைத்திருக்கிறேன். ஜன்னல் கிழக்கே. குழாயில் காலை இரண்டு மணி நேரம் தண்ணீர். கூரை உத்திரத்தில் ஒரு கொக்கி இருக்கிறது, தொட்டில் கட்டலாம். நான் தொங்கிப் பார்த்தேன், தாங்குகிறது. என்னைத் தாங்கினால் குட்டியைத் தாங்காதா?

மாப்பிள்ளையிடம் சொல்.

இன்னொன்று. அந்த மூடி விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. தேர்வு எப்படி நடந்தது என்று எழுது. பிறகு சொல்கிறேன்.

அக்கா


மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொல்லவே வேண்டாம். அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

பதினாறு பேரும் தோற்றோம். ஒருவர் பாக்கியில்லை.

ஆலையில் நிஜமான வரிசை. எல்லாம் வெள்ளை வெளேரென்று, செருப்புக்குக்கூட உறை. நான்கு நான்கு பேராக நிறுத்தினார்கள். தேர்வு வைத்தவர் பெரிய கண்ணாடி போட்டவர், வாயைத் திறக்கமாட்டார். கொஞ்ச நேரம் ஓட்டவிட்டு, எங்கள் கண்முன்னாலேயே ஒரு ரப்பர் கையுறையை பெல்ட்டின்மேல் போட்டார். அது ஆடி அசைந்து மூடி போடும் இடத்தை நோக்கிப் போனது.

முதல் நால்வர் வேடிக்கை பார்த்தார்கள். அடுத்த குழுவில் ஒரு பெண் "சார், சார், கையுறை!" என்று அவரிடமே ஓடிச் சொன்னாள். மூன்றாவதில் எங்கள் சைக்கிள்கடை அண்ணன், அவருக்கு ஐம்பது வயதிருக்கும், பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைக்க ஆரம்பித்துவிட்டார். கல்யாண வீட்டில் நாற்காலி ஒதுக்குவதுபோல.

கடைசிக் குழுவில் நான். நான் கையை விட்டு அந்தக் கையுறையை எடுத்துவிட்டேன் அக்கா. எடுத்து அவரிடம் நீட்டினேன், பரிசு வாங்குகிறவள் மாதிரி.

அவரே போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். அந்தப் பெரிய கூடம் அப்படியே அடங்கிவிட்டது. என் தோளில் காலையில் குட்டி கக்கிய கறை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"குழந்தைக்கு எத்தனை மாசம்மா?"

"பத்து மாசம் சார்."

"தூக்கறதுக்கு ரெண்டு கையும் வேணும்ல?"

பிறகு எல்லோரையும் பார்த்து, "பதினாறு பேர்ல ஒருத்தர்கூட நிறுத்தலையே. உங்க காலேஜ் மிஷின்ல சிவப்புப் பொத்தான் இல்லையா?" என்றார். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை.

ஏப்ரல் மூன்றாம் தேதி இன்னொரு முறை வைக்கிறார்கள். அதோடு சரி. அதிலும் போனால் வெளியிலிருந்து ஆள் எடுத்துக்கொள்வார்களாம். கல்லூரியில் இனி இந்த வகுப்பே இருக்காது.

இவரிடம் உன் அறையைப் பற்றிச் சொன்னேன். "ஜன்னல் கிழக்கயா?" என்று மட்டும் கேட்டார். நேற்று வந்து பார்த்தால் பரண்மேலிருந்து பெட்டிகளை இறக்கித் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

உன் தங்கை


மார்ச் 18

தங்கைக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. ஞாயிறு முழுவதும் பேனாவை எடுக்கவில்லை. ஏன் என்று உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நீ மறுபடி தோற்றால் இங்கே வருவாய். அறைக்காரரிடம் கொக்கியை மாற்றிப் புதிதாகப் போடச் சொல்லி, நானே நின்று போடவைத்துவிட்டேன். சொல்லிக்கொடுக்காமல் இருந்தால் என்ன என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அப்புறம் நீ பெல்ட்டுக்குள் கைவிட்டது நினைவு வந்தது. தோற்று வந்தாலும் இங்கேயும் ஏதாவதொரு பெல்ட் முன்னால்தானே நிற்பாய்.

ஆகவே கேள்.

மூடியை எடு. முதல் வேலை அதுதான்.

ஒவ்வொருவரும் தினம் ஒரு தடவையாவது நிறுத்த வேண்டும். காரணமே வேண்டாம். விரல் பழக வேண்டும். நாற்பது நிமிடம் போகிறதா, போகட்டும். உங்கள் வாத்தியார் மோட்டார் தெரிந்தவர், நல்லவர் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் ஓடுகிற வரிசையில் எட்டு மணி நேரம் நின்றவர் இல்லை. நின்றிருந்தால் அந்த மூடியைப் பார்த்ததும் பிய்த்து எறிந்திருப்பார்.

நிறுத்துகிறவர்களைத் திட்டவும் ஆள் வைத்துக்கொள்ளுங்கள். சிரிக்காதே. நிஜத்தில் நிறுத்தினால் யாராவது கத்துவார்கள். அந்தக் கத்தலுக்குப் பயந்துதான் கை பின்வாங்கும். அதனால் ஒருவர் நிறுத்தும்போது இன்னொருவர் பக்கத்தில் நின்று கத்த வேண்டும்.

கண்ணைவிடக் காதை நம்பு. பாட்டில் வரிசைக்கு ஒரு சத்தம் உண்டு, இரண்டு நாளில் காதுக்குப் பழகிவிடும். அது மாறினால் என்ன ஏது என்று தேடாதே. முதலில் நிறுத்து, பிறகு தேடு.

நான் இதுவரை பதினொரு தடவை நிறுத்தியிருக்கிறேன். பத்துக்குக் காரணம் கிடைத்தது. பதினொன்றாவதற்கு எவ்வளவு தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. அன்று லாரி தாமதமாகிவிட்டது. இப்போது என்னை மாடியில் ஸ்டோர் அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். நாற்காலி உண்டு, மின்விசிறி உண்டு. சத்தமே கிடையாது.

அக்கா


மார்ச் 26

அன்புள்ள அக்காவுக்கு,

மூடியை எடுத்துவிட்டேன். வகுப்பில் எழுந்து நின்று, "இதை ஒட்டினது நான்தான், மன்னிச்சுக்கங்க" என்றேன். வாத்தியார் உடனே, "மூடினது நீ, மெச்சினது நான். பாதிப் பாதி" என்றார். உன் கடிதத்தை அவரிடமே கொடுத்தேன். 'நல்லவர் என்றுதான் தோன்றுகிறது' என்ற இடத்தில் நிறுத்தி, "உங்கக்காவுக்கு சந்தேகம் இருக்கு போல" என்றார். ஆனால் முழுதும் படித்தார், இரண்டு தடவை.

கத்துவதற்கு ஆள் தேடினால் எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் கூச்சம். பக்கத்து அறைச் சித்திகளைக் கூப்பிட்டோம். அதில் ஒருத்தி இருக்கிறாள். குட்டிக்குத் தாலாட்டுக்கூட உதட்டுக்குள்ளேதான் பாடுவாள். அவள் என் காதருகே வந்து, "ஏய், லாரி நிக்குது! எவ அவ நிறுத்தினவ? உங்கப்பன் வீட்டு மிஷினா?" என்று போட்டாள் பார், நான் மட்டும் இல்லை, சுவரில் இருந்த பல்லியே விழுந்துவிட்டது. அடுத்த நிமிடம், "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க, ப்ளீஸ்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் முதல் மூன்று நாள் கஷ்டம்தான். நிறுத்தினால் நாற்பது நிமிடம். ஒரு நாளைக்கு ஐந்து பேர், ஆறு பேர்தான் நிறுத்த முடிந்தது. மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தோம். நான்காம் நாள் சைக்கிள்கடை அண்ணன், "நிக்கிற வண்டியைப் பார்த்துக்கிட்டு என்னால சும்மா இருக்க முடியாது" என்று எழுந்தார். வீட்டுக்குப் போய் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீரும் பெயின்ட் பிரஷ்ஷும் கொண்டுவந்தார். பஞ்சர் பார்ப்பது மாதிரி, காற்றுக் குழாய் நெடுகத் தடவிக்கொண்டே போனார். கழுவும் தொட்டிக்குப் பின்னால், ஓர் இணைப்பில் குமிழி குமிழியாகப் பொங்கியது.

ஒரு கிளிப், ஒரு துண்டு ரப்பர். அவ்வளவுதான். இப்போது நிறுத்தினால் ஆறே நிமிடத்தில் ஓடுகிறது.

வாத்தியார் குனிந்து அந்தக் கிளிப்பைத் தொட்டுப் பார்த்தார். "இத்தனை மாசமா பெரியம்மாவுக்கு மூச்சுத்திணறல். நாமதான் கோபம்னு நினைச்சுக்கிட்டோம்" என்றார். நிறுத்தவே பயந்துகொண்டிருந்ததால் அது ஏன் ஓட மறுக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, அக்கா.

இப்போது தினம் எல்லோரும் நிறுத்துகிறோம். சத்தமும் கொஞ்சம் கொஞ்சமாகக் காதில் தங்குகிறது. ராத்திரி தொட்டில் கயிறு உரசும் சத்தம் மாறினால்கூட எழுந்துவிடுகிறேன்.

ஸ்டோர் அறைக்கு உன்னை எப்போது மாற்றினார்கள்? அதைப் பற்றி நீ எழுதவே இல்லையே.

உன் தங்கை


மார்ச் 30

பயந்தாங்கொள்ளிக்கு,

சைக்கிள்கடைக்காரருக்கு என் வணக்கம். அவர் மூளையை யாரும் மூடி போட்டு மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதினாறு ஜோடி கையுறை அனுப்பியிருக்கிறேன். கடையில் வாங்கியது, ஸ்டோரிலிருந்து எடுத்ததில்லை. விரலைப் பிடித்த மாதிரி இருக்கும், தொளதொளவென்று போடாதீர்கள். குட்டிக்கு ஒரு கிலுகிலுப்பை. சத்தத்தைக் கேட்டுப் பார்த்துத்தான் எடுத்தேன்.

ஸ்டோர் பற்றிக் கேட்காதே. எண்ணிக் கொடுக்கிறேன், எண்ணி வாங்குகிறேன்.

அறைக்காரரிடம் இன்னும் பத்து நாள் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். கொக்கி நன்றாக இருக்கிறது. நேற்றும் போய்ப் பார்த்தேன்.

மூன்றாம் தேதி நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போ.

அக்கா


ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் நடந்ததைச் சொல்கிறேன், குறுக்கே பேசாதே.

இந்தத் தடவை கையுறை வரவில்லை. எல்லோரும் கையுறை வரும் என்று பெல்ட்டையே முறைத்துக்கொண்டு நின்றோம். கண்ணாடிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு ஓரத்தில். மேற்பார்வையாளர் ஒருவர் மட்டும் "சீக்கிரம், சீக்கிரம், வெளியில வண்டி நிக்குது" என்று கத்திக்கொண்டே இருந்தார். நம் சித்தி கத்தியதில் பாதிகூட இல்லை.

எங்கள் முறை வந்து ஒரு கால் மணி நேரம் இருக்கும். சத்தம் மாறியது. எப்படிச் சொல்ல? டம்ளருக்குள் கரண்டி பட்டதுபோல ஒரே ஒரு தடவை. என் கை தானாகப் பொத்தானுக்குப் போய்விட்டது அக்கா. நான் அழுத்தினேன் என்பதே கூடம் அடங்கிய பிறகுதான் தெரிந்தது.

தேடினோம். உடைந்த பாட்டில் இல்லை. கழன்ற திருகாணி இல்லை. கண்ணாடிக்காரர் குனிந்து பெல்ட்டுக்கு அடியில்கூடப் பார்த்தார். ஒன்றுமே இல்லை. பரண் பெட்டிகள், கிழக்கு ஜன்னல், உன் கொக்கி எல்லாம் கண்முன் வந்துபோயின.

"என்னம்மா, வண்டி நிக்குதுல்ல!" என்றார் மேற்பார்வையாளர்.

"நிக்கட்டும் சார்" என்றேன். நான்தான் சொன்னேன். நம்பு.

கண்ணாடிக்காரர் கேட்டார், "எதுக்கு நிறுத்தினீங்க?"

"சத்தம் மாறிச்சு சார்."

"ஒண்ணும் இல்லையே."

"இல்லைன்னு தெரிஞ்சுக்கத்தான் சார் நிறுத்தினேன்."

அவர் தாளில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று நேற்றுதான் தெரிந்தது. பதினாறில் பதினான்கு பேர் தேறியிருக்கிறோம். மற்ற இருவருக்கு ஜூனில் மறுபடி. சைக்கிள்கடை அண்ணனை வரிசையில் நிற்க வேண்டாம், பராமரிப்புப் பிரிவுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். காலை ஆலை, மாலை கடை என்கிறார். எனக்கு அடுத்த திங்கள் முதல் பகல் ஷிப்ட். குட்டி அதே அறையில், அதே சித்திகளோடு. மூடியை அவளிடமே கொடுத்துவிட்டேன். கடித்துக் கடித்து ஓரமெல்லாம் நெளிந்துவிட்டது.

இவரிடம் சொன்னேன். எழுந்துபோய்ப் பெட்டிகளைத் திரும்பப் பரணில் ஏற்றினார். ஏற்றிவிட்டு அங்கிருந்தபடியே, "அந்தக் காலேஜ்ல அடுத்த வகுப்புக்கு விண்ணப்பம் இருக்கா?" என்றார்.

இனி உன் விஷயம்.

அன்று வெளியே வரும்போது கண்ணாடிக்காரர் வாத்தியாரிடம், "மூணு வாரத்துல இவங்களை இப்படி மாத்தினது யாரு?" என்று கேட்டார். வாத்தியார் என்னைக் காட்டினார். நான் "எங்கக்கா சார்" என்றேன். "எங்க இருக்காங்க?" என்றார். எனக்கு ஸ்டோர் அறை என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜூனில் அடுத்த வகுப்பு தொடங்குகிறது. இருபத்துநான்கு பேர். ஓடுகிற வரிசையில் எட்டு வருடம் நின்ற பயிற்றுநர் ஒருவர் வேண்டும் என்று கல்லூரி அறிவித்திருக்கிறது. பட்டம் கேட்கவில்லை. வாத்தியாரே சொல்லி எழுதவைத்தாராம், "எனக்குத் தெரியாததைத் தெரிஞ்ச ஆள் வேணும்" என்று. விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பெயர், வயது, அனுபவம் எல்லாம் நானே நிரப்பிவிட்டேன். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன். 'தற்போதைய வேலையை விடக் காரணம்' என்ற கட்டத்தையும் விட்டிருக்கிறேன். அதில் பதினொன்றாவது தடவையைப் பற்றி அப்படியே எழுது. இங்கே அதை யாரும் குற்றமாக எண்ண மாட்டார்கள். எண்ணுகிற இடமாக இருந்தால் நான் தேறியிருக்க மாட்டேன்.

உன் மூன்று கடிதங்களையும் மறுபடி எடுத்துப் படித்தேன் அக்கா. மூன்றிலும் அந்தக் கொக்கி இருக்கிறது. நான்தான் உன்னிடம் வந்து ஒண்டப்போகிறேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அறைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. இங்கே நம் வீட்டில் முன்னறை காலியாகத்தான் இருக்கிறது, கடைச் சாமான்களை இவர் ஒதுக்கித் தருகிறேன் என்றார். ஜன்னல் மேற்கே, சாயங்காலம் வெயில் அடிக்கும், திட்டிக்கொண்டே இருக்கலாம். போன வாரம் மழை பெய்தது. கிடங்கின் வடமேற்கு மூலையில் தூணிலிருந்து இரண்டடி தள்ளி வாளி வைத்தேன். சொட்டுச் சரியாக அதில் விழுந்தது.

விண்ணப்பம் சேரக் கடைசித் தேதி இருபது. சீக்கிரம் பதில் எழுது.

உன் தங்கை